போஸ்ட்மாஸ்டருக்கு வந்த அம்பு

ஏழாயிரம் வருஷங்களுக்கு முன்னால் எவனோ விட்ட அம்பு ஒன்று, செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, கழிமுகச் சேற்றில் குனிந்து நின்ற ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரின் முதுகில் வந்து தைத்தது. வரும் வழியிலேயே மரமும் இறகும் மக்கிப்போய்க் கல்முனை மட்டும்தான் வந்து சேர்ந்தது. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்க அவருக்கு வாயில்லை. அவர் நடத்திய தபால் நிலையத்தின் லட்சணம் ஊருக்கே தெரியும். குறி அவராக இருந்திருக்கவும் வழியில்லை. அவர் மேல் அம்பு விட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஏதோ பன்றிக்கு விட்டிருப்பான். இவர் நடுவில் போய் நின்றுவிட்டார்.

அந்தச் சேற்றில் கல்முனை பொறுக்கும் கூட்டம் ஒன்று உண்டு. பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள், இவர். தண்ணீர் வடிந்ததும் ஆளுக்கொரு குச்சியோடு இறங்கிவிடுவார்கள். வீட்டில் குழாய் ஒழுகினால் குனியாத முதுகெல்லாம் அங்கே நாள் முழுக்கக் குனியும். அவர்களுக்குள் ஒரே சட்டம்: நுனி உடையாத கல்தான் சேர்த்தி, உடைந்ததைச் சேற்றிலேயே வீசிவிட வேண்டும். பல் டாக்டரிடம் முழுசாக ஒன்று இருந்தது. வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளியிடம், பதில் பேச முடியாத நேரம் பார்த்து, அதை எடுத்துக் காட்டுவார். போஸ்ட்மாஸ்டருக்கு முப்பத்தொரு வருஷத்தில் கிடைத்ததெல்லாம் மொண்ணை.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ். அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கவைத்தாள். படத்தைப் பார்த்ததும் மனுஷர் துள்ளிக் குதித்தார். "முனையப் பாத்தியா? ஒரு பிசிறு இல்ல!" கல் நகர்கிறது, மாசத்துக்கு ஒரு தீக்குச்சித் தலையளவு; மூன்று வருஷத்தில் இதயத்தைத் தொடும் என்றார் சர்ஜன். எடுத்துவிடலாம், ஆனால் நுனி உடையும் என்றும் சொன்னார். அப்படியென்றால் இருக்கட்டும் என்று போஸ்ட்மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்று வருஷமும் அவர் குப்புறப் படுத்தே தூங்கினார். எக்ஸ்ரே படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ட ஜன்னலிலெல்லாம் பிடித்துக் காட்டினார். உடம்புக்குள் கிடப்பதெல்லாம் சேர்த்தியில்லை, கைக்கு வரட்டும் என்று பல் டாக்டர் கொட்டாவி விட்டார். நர்ஸம்மா நான்கு தடவை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினாள். நான்கு தடவையும் அவர் நழுவினார். கடைசித் தடவை, முதுகில் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கியோடு மாடிப்படி இறங்கி நேராகச் சேற்றுக்கே ஓடினார்.

"எனக்கு நீங்க வேணுங்க. கல்லு தெருவெல்லாம் கெடக்கு," என்றாள்.

"இது முழுசுடி. உனக்கென்ன தெரியும்?"

அவள் துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். போயும் போயும் இந்த மண்டுவுக்காக அழுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் அவரை அவளுக்கு இன்னும் பிடித்திருந்தது. கொடுமை அதுதான்.

சர்ஜன் சொன்ன கெடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. போஸ்ட்மாஸ்டர் புதுச் சட்டை போட்டு, சாட்சிக்குப் பல் டாக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். நான்கு மணிக்கு நர்ஸம்மா டீத் தட்டோடு எதிர்ச் சுவரோரம் நின்றபோது, அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. இடது மார்பிலிருந்து கல்முனை, துளி ரத்தம் இல்லாமல், முழுசாக வெளியே வந்தது. வந்தது கீழே விழவில்லை. விட்ட வேகத்தில் பாக்கி இருந்தது போலும். ஆள் நடக்கும் வேகத்தில் அந்தரத்தில் அவளை நோக்கிப் போயிற்று.

விலக அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது. அப்போதுதான் அவர் கத்தினார்: "நகராதே! சுவத்துல பட்டா நுனி போயிடும்! அப்படியே நில்லு!"

நர்ஸம்மா அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் கல்லைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது. சீ என்று போயிற்று அவளுக்கு. தட்டை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு ஓரெட்டுத் தள்ளி நின்றாள்.

கல் சுவரில் மோதி விழுந்தது. பல் டாக்டர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நுனி போச்சு. சேத்தியில்ல," என்று மிச்ச டீயைக் குடித்தார். போஸ்ட்மாஸ்டர் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி விம்மினார். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சர்ஜன் படம் எடுத்துப் பார்த்தார். இதயத்தின் நட்டநடுவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு துளை. பழுதாகும்படி வழியில் எதுவும் இருக்கவில்லை, அதனால் மருந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதை நர்ஸம்மா படித்துப் பார்த்து ஃபைலில் வைத்தாள்.

சாயங்காலம் இரண்டு பைகளோடு அவள் நர்ஸ் விடுதிக்குக் கிளம்பியபோது, போஸ்ட்மாஸ்டர் உடைந்த நுனியை விரலில் ஏந்திக்கொண்டு பசை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

இப்போதும் தண்ணீர் வடிந்தால் அவர் சேற்றில்தான் இருக்கிறார். காற்றடிக்கும் நாளில் அவர் மார்பிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வரும். முதலில் கொக்குகள் மிரண்டன. இப்போது அவையும் மிரளுவதில்லை.