ஒரே பக்கத்தில் இரண்டு அணில்கள்

இணையத்தில் பாட்டுப் போடும் இசை நிறுவனம் ஒன்று இரண்டு பேரின் பாட்டுகளைத் தவறுதலாக ஒரே பக்கத்தில் சேர்த்த மறுநாள் காலை, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் தனியாகக் குடியிருந்த அணிலின் வாசலில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு கிடந்தது. பெரிய கால், இடது குதிகால் தேய்ந்திருந்தது. குளியலறைக் குவளையில் இரண்டாவது பிரஷ் நின்றது, கொடியில் ஈரத் துண்டு தொங்கியது, கட்டிலின் சுவரோரப் பாதியில் யாரோ படுத்து எழுந்த பள்ளம் இருந்தது. ஆளைத்தான் காணோம். பால் விலை ஏறியதும் அதே நாள்தான் என்பதால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அணில் என்பது அவளுடைய அக்கா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் பாதியைக் கொறித்துவிட்டு மீதியை எங்காவது ஒளித்துவைப்பாள். அப்பா அம்மா போனபின் வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி 'ஏம்மா' என்பார், வருகிறவர்கள் 'மேடம்' என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பது அவள் வேலை. நாள் முழுக்க ஊராரின் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய எழுத்துகளையே பார்த்தன. வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுவாள். தெருச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது.

அவள் பாடத் தொடங்கிய காலத்தில் பாட்டை சிடியில் போட்டு விற்றார்கள். வாங்கியவன் வீட்டில் அது கிடந்தது. பிறகு விற்பதை நிறுத்தி வாடகைக்கு விட்டார்கள். அதற்கும் பிறகு, கேட்பவனுக்கு எது பிடிக்கும் என்பதை நிறுவனமே முடிவு செய்து ஊட்டிவிடத் தொடங்கியது. சிபாரிசு வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம், யார் வேண்டுமானாலும் பாட்டை ஏற்றலாம் என்று கதவைத் திறந்துவிட்டபோது அணிலும் ஏற்றினாள். உலகமே ஏற்றியது. எல்லாரும் பல்லக்கில் ஏறிக்கொண்டால் தூக்குவதற்கு ஆள் ஏது? அவளைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அக்காவுடையது, அதுவும் தங்கச்சியின் திட்டுக்குப் பயந்து. முகத்தைப் போடக் கூச்சப்பட்டு அவள் தன் பக்கத்துக்கு அணில் என்றே பெயரிட்டு, ஓர் அணிலின் படத்தை வைத்தாள். வேறெங்கோ, எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது, வாய்ப்பாட்டே இல்லாமல் கிட்டார் மட்டும் வாசித்து ஏற்றிக்கொண்டிருந்த ஒருவனும் தனக்கு அணில் என்றே பெயர் வைத்து, முகத்தைப் போடக் கூச்சப்பட்டு, ஓர் அணிலின் படத்தையே வைத்திருந்தான். நிறுவனத்தின் இயந்திரம் இரண்டு படத்தையும் பார்த்தது, இரண்டு பேரையும் கேட்க ஆளில்லை என்பதையும் பார்த்தது, இரண்டு பேரும் ஒரே ஆள் என்று தீர்மானித்துவிட்டது.

அணிலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செருப்பைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மறுநாள் அது அதே இடத்தில் கிடந்தது. இரண்டு பேரையும் பிரித்துவிடும்படி நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது, அத்தோடு கிணற்றில் போட்ட கல்தான். இதற்கிடையில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பக்கத்தைக் கேட்டுவிட்டு, 'அணில் வாயைத் திறக்காத பாட்டுகள்தான் கேட்கும்படி இருக்கின்றன' என்று எழுதிவைத்தான். அந்த வாரம் முழுக்க, சமையல்மேடையில் கிடந்த அந்நியக் குவளையை அவள் கழுவாமல் விட்டாள்.

விஷயம் காதில் விழுந்து அக்கா வந்தாள். வந்தவள் செருப்பைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தாள்.

"யாருடி இது?"

"பாட்டுக் கம்பெனிக்காரன் பண்ணின தப்புக்கா."

"தப்பு பண்றவன் எங்கயாவது துண்டை உதறிக் காயப் போடுவானா? உங்க மாமாவுக்கு இத்தனை வருஷத்துல அது வரலையே!"

வந்த கோபத்தை அங்கேயே மறந்துவிட்டு, கொடியில் சுருக்கமில்லாமல் காய்ந்த துண்டை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, ஆள் எப்படியோ, பழக்கம் நல்ல பழக்கம் என்று மட்டும் சொன்னாள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரரும், மாடியேறுவது ஒருத்தி, தலைக்கு மேல் நடப்பது இரண்டு பேர் என்று வருகிறவர்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அவளுடைய பொருள்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஹேர்பின்கள், நகவெட்டி, ஒற்றைக் காலுறை. முதலில் திருட்டு என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் காணாமல் போன சீப்பு, சிக்கெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்யப்பட்டுத் திரும்பி வந்தபோதுதான், தன்னுடைய செருப்பும் எங்கோ ஒரு வாசலில் இப்படிக் கிடந்து ஒரு மனிதனின் உயிரை வாங்குகிறது என்பது அவளுக்குப் புரிந்தது. நினைத்ததும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கும்போது சிரித்தது அதுதான் முதல் தடவை.

வருடங்கள் போயின. காகிதத்தில் எதையாவது எழுதி மேஜையில் வைத்தால் காலையில் வெற்றுத்தாளாக இருந்தது. அவனிடமிருந்தும் அவ்வப்போது ஒரு வெற்றுத்தாள் வந்தது. என்ன எழுதியிருப்பான் என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். பேச்சுவார்த்தை இல்லையே தவிர மற்றதெல்லாம் நடந்தது. பிளாஸ்கில் தேநீர் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள், திரும்பி வரும்போது பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்திருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் தானாகச் சரியானது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி இருந்தது. ஜன்னலோர நாற்காலி கிறீச்சிட்டால் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கிட்டார் மெதுவாகக் கேட்கும், பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இப்படி ஒரு குடித்தனமா என்றால், பார்த்துக்கொண்டே பேசாமல் இருக்கும் குடித்தனங்கள் அந்தத் தெருவில் இருந்தன. அணில் ஒரு சுற்றுப் பருத்திருந்தாள். புகார் கொடுத்ததையே மறந்துவிட்டாள்.

நிறுவனம் மறக்கவில்லை. இயந்திரங்களே பாட்டுக் கட்டத் தொடங்கி, ஆளே இல்லாத பெயர்களில் மூட்டை மூட்டையாகப் பாட்டுகள் வந்து குவிந்தன. எது மனிதன், எது மிஷின் என்று பார்க்க நிறுவனம் தன் வீட்டைச் சுத்தம் செய்ய இறங்கியது. ஓர் ஆளுக்கு ஒரு பக்கம் என்று சட்டம் போட்டது. தூசி தட்டும்போது அணிலின் பழைய புகார் கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துவதாகவும், வரும் மாதம் முதல் தேதி இரண்டு பேரையும் பிரித்துவிடுவதாகவும், அவளுடைய பொறுமைக்கு நன்றி என்றும் எழுதினார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, தன் கையாலேயே கேட்டு வாங்கியிருந்தாள். படித்துவிட்டு அவள் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். இவன் போய்விட்டால் இந்த வீட்டில் மறுபடியும் ஒரு பிரஷ், ஒரு குவளை, ஒரு ஆள்.

நிறுவனத்தின் உதவி எண்ணில் இயந்திரம் பேசியது, பாட்டுப் போட்டது, மறுபடியும் இயந்திரம் பேசியது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். குரலைக் கேட்டால் சாப்பிடக்கூட எழுந்துபோகாதவள்போல இருந்தாள்.

"பிரிக்கச் சொல்லி நீங்கதானே மேடம் கேட்டிருக்கீங்க?"

"நான்தாம்மா கேட்டேன். அப்ப புத்தி இல்ல. இப்ப வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்றதுக்கு இதுல பட்டன் இல்ல மேடம்."

"நீ ஒரு வார்த்தை எழுதி வெச்சிடேன் தாயி. உனக்குக் கோடிப் புண்ணியம்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, இரண்டு பேரும் சேர்ந்து செய்த பாட்டு ஒன்று இருந்தால் அது மட்டும் இரண்டு பக்கத்திலும் நிற்கும், அதை யாராலும் பிரிக்க முடியாது என்று சொன்னாள். ஆனால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். "அவர்கிட்ட பேசிப் பாருங்க மேடம்" என்று அவள் சொன்னபோது அணிலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் வழக்கமான மெட்டு ஒன்றை வாசித்தான். அணில் சமையல்மேடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்த மெட்டுக்குள் தன் குரலை விட்டாள். அதுவரை அவன் இருக்கும்போது அவள் வாய்விட்டுப் பாடியதே இல்லை. சுருதி எட்டாமல் குரல் கீறிக்கொண்டு நின்றது. கிட்டாரும் நின்றது. போச்சு, காரியத்தைக் கெடுத்தோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு அதே மெட்டை, அவள் குரல் நிற்கும் இடத்துக்கு இறக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தான். அணிலுக்கு யாரும் அதுவரை அப்படி இடம் கொடுத்ததில்லை. அழுதுகொண்டே பாடினாள், அந்த முதல் தடவையை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. மூன்றாம் தடவை அலமாரிக்குள் போய் மைக்கைப் போட்டாள். கிட்டாரும் அலமாரிக்குள் வந்தது. பாட்டை இரண்டு பேர் பெயரிலும் ஏற்றினாள். மறுநாளே அந்தப் பக்கத்திலிருந்து சம்மதம் வந்துவிட்டது. ஊரில்லை, விலாசமில்லை, சம்மதம் என்ற ஒற்றைச் சொல்தான்.

முதல் தேதி காலையில் வாசலில் செருப்பு இல்லை. குவளையில் ஒரு பிரஷ் இருந்தது. கட்டிலின் சுவரோரம் சமமாக இருந்தது. ஜன்னல் விளிம்பில் அத்தனை வருடமும் காணாமல் போன ஹேர்பின்கள் எல்லாம் குவியலாகக் கிடந்தன, ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. அவற்றை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அக்கா போன் செய்து, "சனியன் விட்டுச்சா?" என்றாள். விட்டுச்சுக்கா என்று சொன்னாள். அக்கா, கொஞ்ச நாள் என்கூட வந்து இரு என்றாள்.

அணில் போகவில்லை. போகாததும் நல்லதாயிற்று. ஒருநாள் மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். செருப்பு கிடந்தது, இடது குதிகால் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. பாட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம் இருந்தது, பிறகு இல்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எங்கோ யாரோ ஒருவர் அந்தக் கூட்டுப் பாட்டைக் கேட்டிருந்தார். அவளே போட்டுக் கேட்டுப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை, தன் பாட்டைத் தானே கேட்பது கணக்கில் வராது. ஜெராக்ஸ் கடைக்காரர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, நான் இருக்கேன் என்று கடை கம்ப்யூட்டரில் அதை விடாமல் ஓட்டினார். இரண்டு நாள் மாடியில் ஒரே குடித்தனமாக இருந்தது. மூன்றாம் நாள், ஒரே இடத்திலிருந்து பொய்யாகக் கேட்கிறார்கள், தொடர்ந்தால் பாட்டையே எடுத்துவிடுவோம் என்று நிறுவனம் எச்சரித்தது. அணில் ஓடிவந்து கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அச்சடித்துக்கொண்டிருந்தது மட்டும் வீணாய்ப் போயிற்று என்றார்.

அதிலிருந்து அவள் முன்பின் தெரியாதவர்களை நம்பியே இருந்தாள். வாரத்துக்கு ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. பிளாஸ்கில் தேநீர் எப்போதும் தயாராக இருந்தது. பாட்டுப் பிடிக்காமல் பாதியில் அடுத்ததற்குத் தாவுகிறவர்களும் உண்டு. அப்போது குவளையில் தேநீர் பாதி மிச்சமிருக்கும். கண்ணாடிக் கடையில் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்கும்போது, எதிரில் இருக்கும் கண்கள் ஒருவேளை அந்தப் பாட்டைக் கேட்பவருடையதாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றும். யாரிடமும் விசாரித்ததில்லை.

பிறகு ஒரு மழை நாளில், அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், நாற்காலி கிறீச்சிட்டது. பாட்டு முடிந்தது, நாற்காலி எழவில்லை. மறுபடியும் முடிந்தது, அப்போதும் எழவில்லை. எங்கோ ஒருவர் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏனோ நிறுவனம் அவரைத் தடுக்கவில்லை. ஒரே பாட்டை இத்தனை தடவை கேட்க வேண்டுமென்றால் மனதில் எத்தனை பாரம் இருக்கும், பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று அணில் வருந்தினாள். வருந்திக்கொண்டே இரண்டு குவளையில் தேநீர் ஊற்றினாள். முதலாளிக்குப் போன் செய்து, இன்றைக்கு வர முடியாது, வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றாள். மத்தியானம் மழை வலுத்தபோது ஜெராக்ஸ் கடைக்காரர் படிக்கட்டின் அடியிலிருந்து அண்ணாந்து குரல் கொடுத்தார்.

"சார் வந்திருக்காராம்மா?"

"இருக்கார்ண்ணே."

"அப்ப செருப்பை உள்ள எடுத்து வைங்க, நனையுது பாருங்க."

அணில் கதவைத் திறந்து, செருப்பை எடுத்து முந்தானையால் துடைத்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.