பந்து வராத பக்கம்

என் கண்ணைப் பற்றி நானே பெருமை பேசுவேன். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பதினாறு வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் சிப் பார்க்கிற வேலை எனக்கு. மயிரிழைக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், கட்டின புருஷனை முப்பத்தைந்து நிமிஷம் வீடியோ எடுத்து, அதில் அவரையே விட்டுவிட்டேன்.

ஜூலியஸ் சுங்கைப் பட்டாணியில் லாரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் சர்ச்சில் பூசை, சாயங்காலம் பந்து. நாற்பது தாண்டியவர்கள் ஆடுகிற எங்கள் தாமான் குடியிருப்பின் வெட்டரன் அணியில் மூன்றாம் நம்பர் சட்டை, லெஃப்ட் பேக். அது என்ன இடம் என்று நான் கேட்டதே இல்லை. கோல் போடுகிறவர் விளையாடுகிறார், மற்றவர்கள் கூட ஓடுகிறார்கள். எனக்குத் தெரிந்த பந்து அவ்வளவுதான். "ஏங்க, இத்தன வருஷத்துல ஒரு கோலாச்சும் போட்டிருக்கீங்களா?" என்று சீண்டுவேன். சிரித்துக்கொள்வார்.

முட்டி வலி தாங்காமல், ஐம்பது வயதோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார். கடைசி ஆட்டத்துக்குக் கிளம்பும்போது, "ஷாரன், இன்னிக்கு மட்டும் என்னய வீடியோ எடு லா. ஞாபகத்துக்கு வேணும்," என்றார். எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் மர நிழலில் நின்று முதல் பாதி முழுக்க எடுத்தேன். கை வலித்தும் இறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். கடைசிவரை பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, "நல்லா கிளியரா இருக்கு," என்றார். முகம் ஏன் வாடியது என்று நான் கேட்கவில்லை. தோற்றுப்போன வருத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டு சமைக்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, லாரியில் ஏறப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிறு, பாலிங் ஊர் அணியோடு அவர் நினைவாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். கோல் கீப்பர் சிவநேசன் வந்து என்னை அழைத்துப்போய், அதே மரத்தடியில் நாற்காலி போட்டார்.

"அண்ணி, மொதல் அஞ்சு நிமிஷம் அண்ணன் எடத்துல யாரும் நிக்க மாட்டோம். காலியா விட்டுருவோம். பாலிங் ஆளுங்ககிட்டயும் சொல்லியாச்சு."

"எது அவரு எடம்?"

கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். சிவநேசன் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, கையுறை போட்ட கையை நீட்டிக் காட்டினார். "அந்தா, இடப்பக்கம் கோட்டோரமா. பந்த பாக்காதீங்க அண்ணி. அந்த எடத்தையே பாருங்க."

விசில் ஊதியது. பத்துப் பேர் அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் பார்த்த இடத்தில் வெறும் புல்தான் இருந்தது.

பாலிங் அணியில் தாமதமாக வந்து சேர்ந்த ஒருவருக்கு விஷயம் தெரியாது போல. பந்தை வாங்கினார், நேராக அந்தக் காலி இடத்துக்குள் ஓடினார். தடுக்க ஆளில்லை. கோல் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. அவர்களுடைய கேப்டன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சிவநேசன் வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு கம்பத்தருகே வந்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா அண்ணி? அண்ணன் நின்னா இந்தப் பக்கம் ஒருத்தனும் வர மாட்டான். வந்தும் பிரயோஜனமில்லன்னு தெரியும். எல்லாம் அந்தப் பக்கமாத்தான் போவானுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும், அதுவரை தொடவே பயந்த அந்த வீடியோவைப் போட்டேன். பந்து வலப்பக்கமே சுற்றுகிறது. என் போனும் அதன் பின்னாலேயே போகிறது. ஒரு தடவை அவர் முதுகு, ஒரு தடவை ஒரு கால். மற்றபடி குரல்தான். "மேல போ! ஆள புடி! லைன், லைன்!" என்று இடப்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறார். அதற்கு மேல் என் சிரிப்பு. பக்கத்தில் நின்ற யாரிடமோ சொல்கிறேன்: "எங்க வீட்டுக்காரருக்கு வாய்தான் வெளயாடுது. பந்து அந்தப் பக்கமே போவ மாட்டேங்குது பாருங்க."

இதையும் அவர் கேட்டிருக்கிறார். ஐஸை முட்டியில் அழுத்திக்கொண்டு, முப்பத்தைந்து நிமிஷமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

வாய்விட்டு அழுதேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். எதிரணிக்காரர் பந்தோடு வருகிறார், இடப்பக்கம் பார்க்கிறார், வேண்டாமென்று பந்தை வலப்பக்கம் தள்ளிவிடுகிறார். அவர் யாரைப் பார்த்தார் என்று இப்போது எனக்குத் தெரியும். எத்தனை அடி தள்ளி, எந்தக் கோட்டோரம் ஜூலியஸ் நிற்கிறார் என்பதுகூடத் தெரியும். குரல் கேட்டதும், கையிலிருந்த போனை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

படத்தில் பந்து வலப்பக்கமே ஓடிக்கொண்டிருந்தது.