ஜன்னலில் வைத்த மாட்சா

கண்ணாடிச் சாமான் வியாபாரி மகளுக்காக மாட்சா என்கிற ஜப்பான் பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கப்போவதாகச் சொன்னதும், அவர் மனைவி பழத்தை மசிப்பதை நிறுத்தினாள்.

"அவ மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"சும்மா இரு. ஒரு ராத்திரியாவது அவ இங்க தங்கணும்."

வேலை கிடைத்து வெளியூர் போன மகள் இரண்டு வருடம் கழித்து வருகிறாள். பெட்டியை ஹோட்டலில் இறக்கிவிட்டாள். "ஆபீஸ் விஷயமா வந்தேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பார்த்துட்டுக் கிளம்பறேன்" என்று போனில் சொன்னாள். 'பார்த்துட்டு வரேன்' என்று கடைப் படியிறங்கியவர்கள் திரும்பி வந்ததில்லை. அவருக்குத் தெரியாததா?

படிக்கிற காலத்தில் ஞாயிறு வந்தால் அடுப்படி அவள் ராஜ்ஜியம். கடையின் உயரமான கிளாஸ்களைக் கேட்காமல் தூக்கி வருவாள். அடியில் மசித்த ஸ்ட்ராபெர்ரி, மேலே குளிர்ந்த பால், அதற்கும் மேலே மூங்கில் குச்சியால் நுரைக்க அடித்த பச்சை. ஒரு வாரம் வனிலா, ஒரு வாரம் மாம்பழம். "புல்லுத் தண்ணி" என்று கேலி பேசிக்கொண்டே அவர் இரண்டாவது கிளாஸுக்குக் கை நீட்டுவார். "மாடு மறுபடியும் வந்திருக்கு" என்பாள் மகள்.

அவள் விட்டுப்போன பொடியை வேறு யாராவது டப்பாவோடு மூடி வைத்திருப்பார்கள். இவர் வியாபாரி. நல்ல சரக்கு கண்ணில் பட வேண்டும். கடையிலேயே உசத்தியான பளிங்குக் கண்ணாடி ஜாடியில் கொட்டி, வெயில் விழும் ஜன்னலில் நிறுத்தினார். தினமும் பார்த்த கண்ணுக்கு நிறம் போனது தெரியவில்லை.

மகள் வந்தாள். தோளில் இருந்த பையை இறக்கவே இல்லை. அவர் நீட்டிய கிளாஸில் சிவப்பு இருந்தது, வெள்ளை இருந்தது, பச்சைதான் இல்லை. மேலே காய்ந்த சருகு நிறம். ஒரு வாய் குடித்தாள்.

"அப்பா, இதை எங்க வச்சிருந்தீங்க?"

அவர் பெருமையாக ஜன்னலைக் காட்டினார்.

"வெயில்லயா? வைக்கோல் மாதிரி இருக்கு."

"புல்லுக்கு வயசானா வைக்கோல்தானே."

"இது பார்க்கிற பொருளாப்பா? குடிக்கிறது."

"நீ இல்லாம யார் குடிக்க?"

"தினமும் அந்த ஜாடிக்கு எதிர்லதான் நாற்காலி போட்டு உட்காருவார்" என்றாள் அம்மா. "எனக்கு எதிர்ல உட்கார்ந்து வருஷக்கணக்காச்சு."

மகள் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கிளாஸைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

"புதுசா வாங்கி நானே போடறேன். கடை திறந்திருக்குமா?"

"தெருமுனைக் கடையா? இன்னிக்கு லீவு. நாளைக்குக் காலையிலதான்" என்றார் அவர், கண்ணிமைக்காமல்.

மேசைமேல் காலையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரிப் பெட்டி, அந்தக் கடையின் பெயரோடும் இன்றைய தேதியோடும் உட்கார்ந்திருந்தது. அவர் வாயிலிருந்து எது வந்தாலும் வெட்டிப் பேசும் மனைவி, அன்று பழத்தட்டைத் துடைப்பதில் மும்முரமானாள்.

மகள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"சரி, நாளைக்கே வாங்கிக்கலாம். ஹோட்டல்ல இருந்து பெட்டியை எடுக்கணும், கூட வாங்க."

அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

"மெதுவாப்பா. அந்தக் கடை வழியா மட்டும் வேண்டாம்."