பூஜை போட்ட குளிர்பெட்டி

டாக்டர் லூர்துராணிக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குளிர்பெட்டியை அப்படியே கொள்ளிடத்தில் தள்ளியிருப்பாள். அதுவோ நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாகப் பளபளவென்று நின்றது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். உள்ளே குழாய்களில் சேர்த்து வைத்த ரத்தமெல்லாம் கெட்டுப்போயிருந்தது.

ஆயுத பூஜையன்று அட்டெண்டர் பிச்சமுத்து செய்த காரியம். வார்டிலிருந்த தராசு, ஸ்டெரிலைசர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவன், குளிர்பெட்டியையும் நிறுத்திக் கழுவி, வழக்கப்படி மறுநாள்வரை சும்மா விட்டுவிட்டான். குழாய்களை மட்டும் ஒன்றுகூட உடையாமல் திரும்ப அடுக்கியிருந்தான். லூர்துராணி அன்றைக்கு லீவு போட்டுக் காட்டூரில் பக்கத்து வீட்டுச் சுண்டலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"மெஷினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்ல, டாக்டரம்மா" என்றான்.

ஸ்ரீரங்கத்திலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் குதிகாலில் குத்தித்தான் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை பார்க்க ஒரு குத்து, காமாலைக்கு இன்னொன்று, யாராவது மறந்துவிட்டால் மறுபடி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே குத்தில் எடுக்கலாமே என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த வயதில் வலியாவது, வெறும் நரம்புத் துடிப்பு என்பார் பெரிய டாக்டர் சடகோபன். உடம்பு பதறினால் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏறுவதை நம்பராகக் காட்டினால் முறையை மாற்றலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த நம்பருக்காக, தாய்மாரிடம் கேட்டுக்கொண்டு, மாதக்கணக்காக அவளே கூடுதலாகக் குத்திச் சேர்த்த ரத்தம் அது. மொத்தமாக மெட்ராஸ் லேபுக்கு அனுப்ப இருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட சடகோபன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இன்னொரு தரம் எடுத்துண்டா போச்சு" என்றார். யார் காலில் குத்துவது என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஊசித் தட்டை எடுத்துப் போனாள். முதல் கட்டிலில் மணப்பாறை வெள்ளையம்மாளின் மகன். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். குதிகாலில் குத்த இடமில்லாமல் புள்ளி புள்ளியாகக் கன்றியிருந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தாள். அவ்வளவுதான், குழந்தை காலை வெடுக்கென்று இழுத்து, முகம் சிவந்து, சத்தமே வராமல் அழுதது.

வெள்ளையம்மாள் தட்டைப் பார்த்தாள். "ஊசி இன்னும் தட்டுலதாங்க இருக்கு. அதுக்குள்ள தெரிஞ்சிருச்சு இவனுக்கு."

லூர்துராணிக்கு வெட்கமாக இருந்தது. ஊசியை எடுக்காமல், குழந்தையைத் தூக்கித் தாயின் மார்பில் போட்டாள்.

ரவுண்ட்ஸ் வந்த சடகோபன், எடுத்தாயிற்றா என்றார்.

"இல்ல சார். குளிர்பெட்டிக்கு நேத்து ஒரு நாள் ஓய்வு கொடுத்தோம். இவனுக்கு இன்னைக்குக் கொடுத்திருக்கேன்."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். முறை மாறவில்லை. மறுநாள் காலை சர்க்கரைக்கு ஒன்று, காமாலைக்கு ஒன்று என்று அவளேதான் குத்தினாள்.