ஐந்தாவது மாடிக்குப் போகாத ஃபிரிட்ஜ்

கல்யாணமான நாற்பத்தோராம் நாள் இஸ்ஸாவும் அவள் கணவன் மூலூதும் மொராக்கோவின் கடலோர ஊரான டாஞ்சியருக்குக் குடிவந்தார்கள். மலையூரான மிதல்த்திலிருந்து அவர்களோடு கிளம்பிய லாரியில் இரண்டு மெத்தை, ஒரு கம்பளம், நான்கு பெட்டி பாத்திரம், ஆறு கூடை ஆப்பிள், ஒரு ஃபிரிட்ஜ் இருந்தன. ஃபிரிட்ஜ் இஸ்ஸாவின் தாய்மாமன் ஹம்மு செய்த சீர். ஹம்மு மாமா ஊரில் ஆப்பிளுக்குக் குளிர்க்கிடங்கு வைத்திருப்பவர். குளிர் விஷயத்தில் அவருக்குச் சின்னதாக யோசிக்கத் தெரியாது. இரட்டைக் கதவு போட்டு, மூலூதைவிட ஒரு சாண் உயரத்தில், அவர் அதை வாங்கியிருந்தார்.

மூலூதுக்கு ஊருக்கு வெளியே கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. வீடு பார்க்க அவன் மட்டும் முன்கூட்டி வந்தான். தண்ணீர் வருகிறதா, வெயில் விழுகிறதா, கடல் தெரிகிறதா என்று பார்த்தான். சமையலறை ஜன்னலில் கடல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. படிக்கட்டைப் பார்க்கவில்லை. படிக்கட்டைப் பார்த்தா யாராவது வீடு பிடிப்பார்கள் என்று பின்னால் பலமுறை கேட்டான்.

வீடு ஐந்தாவது மாடி. லிஃப்டில் நான்கு பேர் ஏறலாம் என்று பலகை சொன்னது. அந்த நான்கு பேரும் நெருங்கிய சொந்தமாக இருந்தால்தான் அது நடக்கும். ஃபிரிட்ஜுக்கு அதில் தலை மட்டும் நுழைந்தது. சுமை தூக்குகிறவர்கள் மூன்று பேர் படி வழியாகத் தூக்கிப் பார்த்தார்கள். முதல் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம் மேலே இருப்பவர்கள் கீழேயும், கீழே இருப்பவர்கள் மேலேயும் போக முடியவில்லை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர்கள் அறிமுகமானது இப்படித்தான்.

கடைசியில் அதை இறக்கி, வாசல் கூடத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாகச் சாமான் ஏற்றும் ஏணி வண்டி ஒன்று ஊரில் உண்டு என்றும், வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கூட்டி வந்துவிடுவதாகவும் மூலூது சொன்னான். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை.

காவலாளி புஷ்தா தன் அறையிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் கொடுத்தார். அதற்கு அவர் காசு கேட்கவில்லை. மறுநாள் கீழ்த்தட்டில் ஒரே ஒரு வெங்காயத்தைக் கொண்டுவந்து வைத்தார். உரிமையை நிலைநாட்டிக்கொள்ள அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏணி வண்டிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். ஷர்கி அடிக்கும்போது ஏற்ற முடியாது என்றார். ஷர்கி என்பது டாஞ்சியரின் கிழக்குக் காற்று. மூன்று நாள் அடிக்கும். மூன்றாம் நாள் நிற்காவிட்டால் ஏழு நாள். அதற்கும் நிற்காவிட்டால் யாரும் எண்ணுவதில்லை. காற்று நின்றபோது அவர் மறுபடி வந்து அளந்தார். ஃபிரிட்ஜைவிட ஜன்னல் நான்கு விரல் குறைவு. சட்டத்தைப் பெயர்க்க வேண்டும், அதற்குக் கட்டடச் சங்கம் அனுமதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத் தலைவி இரண்டாம் மாடி லல்லா ஷாமா; லல்லா என்பது அங்கே பெண்களுக்கான மரியாதைச் சொல். பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கு மட்டும்தான் தெரியும். அவர் மறுநாளே ஓர் அறிவிப்பு எழுதினார்: ‘பொதுக் கூடத்தில் குளிர்பதனப் பெட்டிகளை வைப்பவர்கள் உடனே அகற்றவும்.’ யார் மனமும் புண்படக் கூடாது என்று பெயர் குறிப்பிடவில்லை. கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அறிவிப்பை ஒட்டச் சுவரைவிட வழுவழுப்பான இடமாக அந்த ஃபிரிட்ஜின் கதவே இருந்ததால் அங்கேயே ஒட்டினார். அன்று முதல் தண்ணீர் நிறுத்தம், தொலைந்த பூனை, லிஃப்ட் பழுது எல்லாம் அங்கேதான் ஒட்டப்பட்டன.

இஸ்ஸா பாலுக்கு இறங்கினாள், வெண்ணெய்க்கு இறங்கினாள், மறந்துபோன முட்டைக்கு மறுபடி இறங்கினாள். லிஃப்ட் ஓடும் நாளில் ஓடியது. மற்ற நாளில் தொண்ணூற்றாறு படி. மூலூது விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் போய் இருட்டியதும் வந்தான். வந்ததும் ஊர் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டான். அவளுக்குத் தெரிந்த ஊர் படிக்கட்டுதான். கடைக்குப் போனால் அவள் பேசும் அரபியைக் கடைக்காரர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு, “உள்நாட்டுப் பக்கமா?” என்றார். மிதல்த்தில் எல்லோரும் உள்நாட்டுப் பக்கம்தான், ஆனால் அங்கே அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்ததும் ஹம்மு மாமா போன் செய்வார். முதலில் ஃபிரிட்ஜ் எப்படி இருக்கிறது என்று கேட்பார், பிறகு அவளைக் கேட்பார். “நல்லா இருக்கு மாமா,” என்பாள். அது பொய் இல்லை. எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், பாலும் தயிரும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி வரை ஏறியவளுக்கு வெண்ணெயைக் கீழேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. இஸ்ஸா படியில் உட்கார்ந்து அழுதாள். வெண்ணெய்க்காக அழுவது அவளுக்கே சரியாகப் படவில்லை, ஆனாலும் நிறுத்த வரவில்லை. பக்கத்துக் கதவு திறந்தது. ரஹீமு என்ற அந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய் ஒரு கூடைப் பட்டாணியை முன்னால் வைத்தாள். இருவரும் உரித்தார்கள். கிளம்பும்போது ரஹீமு தயங்கித் தயங்கி, தன் கண் மருந்தைக் குளிரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், தன் ஃபிரிட்ஜ் போன மாசமே உயிரை விட்டுவிட்டது, ஒரு வாரத்துக்கு மட்டும் கீழே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். இஸ்ஸா சரி என்றாள்.

அன்று மூலூது வந்ததும் அவள் சொல்லிவிட்டாள்.

“நான் ஊருக்குப் போறேன்.”

மூலூது ஒரு செருப்பைக் கழற்றியிருந்தான். மற்றொன்றைக் கழற்றலாமா என்று யோசித்தான்.

“ஃபிரிட்ஜு?”

“அதுவும்தான்.”

“அதுக்கு லாரி பிடிக்கணும்.”

“பிடி.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பாக்குறேன்,” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. இஸ்ஸா அவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது, அதை அவனுக்குக் கொடுக்க மனமில்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் வெண்ணெயை எடுத்து வந்தான். அன்று லிஃப்ட் ஓடவில்லை.

ரஹீமுவின் மருந்தைப் பார்த்துவிட்டு முதல் மாடிக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று ஒரு மீனை வைத்தார். அது நான்கு நாள் இருந்தது. நான்காம் மாடியில் நிச்சயதார்த்தம் நடந்தபோது மூன்று தட்டு இனிப்பு வந்தது. வைக்க வருகிறவர்கள் வெறுமனே வைத்துவிட்டுப் போவதும், எடுக்க வருகிறவர்கள் வெறும் நன்றியோடு போவதும் முறையில்லை என்பதால், இஸ்ஸா இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் நின்று பேசினார்கள். எந்த மீன் எந்த மாதத்தில் வாங்கக் கூடாது, எந்த டாக்டர் காது கொடுத்துக் கேட்பார், எந்தப் பஸ் வரும் என்று பலகையில் மட்டும் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு ஃபிரிட்ஜின் முன்னால் நின்றே தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலூதோடு வெளியே போனபோது வாசலிலிருந்து தெருமுனை வரை ஏழு பேர் அவளுக்கு ஸலாம் சொன்னார்கள். அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டான். “தயிர், கண் மருந்து, ரெண்டு கிலோ மத்தி,” என்று ஆள் ஆளாக அடையாளம் சொன்னாள்.

ஏப்ரலில் சங்கக் கூட்டம், ஃபிரிட்ஜுக்கு முன்னாலேயே நடந்தது. ஜன்னல் சட்டத்தைப் பெயர்க்க அனுமதிக்கலாமா என்று லல்லா ஷாமா கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். புதுத் தம்பதிக்கு நல்லது செய்த திருப்தி முகங்களில் தெரிந்தது. அப்போது ரஹீமு, “அப்ப என் மருந்தை எங்க வைக்கிறது?” என்றாள். தூக்கிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அனுமதி நிறைவேறியது, தேதி மட்டும் குறிக்கப்படவில்லை. அதன்பின் மூன்று நாள் காற்றே இல்லை. அந்த மூன்று நாளும் ஏணி வண்டிக்காரர் ஷெஃப்ஷாவன் என்ற ஊரில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார்.

அதற்குள் தியாகப் பெருநாள் வந்தது. பதினாறு வீடு, பதினாறு ஆடு. பெருநாளுக்கு முந்தைய வாரம் லல்லா ஷாமா ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தார். சட்டவிரோதமாக இருந்தாலும் ஃபிரிட்ஜ் இருப்பது இருக்கிறது என்ற நிலையில், இடத்தை ஒழுங்காகப் பங்கிடுவது சங்கத்தின் கடமை என்றார். மாடிக்கு ஒரு தட்டு என்று அட்டவணை எழுதி, தன்னுடைய பழைய அறிவிப்புக்கு மேலேயே ஒட்டினார்.

பெருநாளுக்கு மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் ஹம்மு மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை. வாசலுக்குள் நுழைந்தவர் நின்றார். எதிரே அவர் செய்த சீர், உடம்பெல்லாம் காகிதம். பக்கத்தில் நாற்காலி போட்டு புஷ்தா.

“எந்த மாடிக் கறி?” என்று புஷ்தா கேட்டார்.

“நான் கறி கொண்டு வரல. இந்த ஃபிரிட்ஜை வாங்கிக் குடுத்தவன்.”

புஷ்தா எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். மாமா உட்காரவில்லை. இரண்டு கதவையும் திறந்து பார்த்தார். உள்ளே ஈரல், விலா, தொடை, நான்கு தலை, ஒரு வெங்காயம். மூடினார். அந்த நேரத்தில்தான் இஸ்ஸா தட்டோடு இறங்கி வந்தாள். மாமாவின் கையை முத்தமிட்டாள். அவர் அவள் தலையை முத்தமிட்டார். ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவளுக்கு வசவைவிடக் கஷ்டமாக இருந்தது. மேலே ஏறும்போது மாமா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரை முழம் போட்டு அளந்தார்.

தேநீர் மூன்றாவது குவளை ஆன பிறகு வாயைத் திறந்தார்.

“நான் குடுத்தது உங்க ரெண்டு பேருக்கு.”

“தெரியும் மாமா,” என்றான் மூலூது.

“பதினாறு வீட்டுக்கு இல்ல.”

“தெரியும் மாமா. வெள்ளிக்கிழ...” என்று ஆரம்பித்தான். இஸ்ஸா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

“எட்டு மாசமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே. நீ நல்லா இருந்தியா?” என்று மாமா அவளைப் பார்த்துக் கேட்டார்.

இஸ்ஸா உண்மையைச் சொல்ல யோசித்தாள். “ஜனவரியில இல்ல மாமா. இப்ப பரவால்ல.”

அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை அவருடைய படுக்கை காலியாக இருந்தது. இஸ்ஸா இறங்கிப் பார்த்தபோது கூடம் முழுக்க பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பதினாறு வீட்டுக் கறி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாமா நடுவில் நின்றார். எதிரில் லல்லா ஷாமா.

“இது சங்கத்தோட தீர்மானம். மாடிக்கு ஒரு தட்டு,” என்றார் லல்லா ஷாமா.

“கறிக்கு மாடி தெரியாது லல்லா. இப்படித் திணிச்சா நடுவுல குளிர் போகாது. நாளைக்கு நாறும்.”

“நீங்க யாரு சொல்றதுக்கு?”

“முப்பது வருஷமா ஆப்பிளைச் சாகாம வெச்சிருக்கேன்.”

லல்லா ஷாமா யோசித்தார். அவர் பணியாற்றிய காலத்திலும் விஷயம் தெரிந்தவரை மட்டும் பேச விட்டிருக்கிறார். மேலே தன் வீட்டுக்குப் போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். மாமா சொல்லச் சொல்ல எழுதினார்: முதலில் ஈரல், பிறகு எலும்புக்கறி, சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி, தலைகள் வெளியே. நான்கு தலைகளும் அன்றே சமைக்கப்பட்டன. வெங்காயத்தையும் எடுக்கச் சொன்னார். புஷ்தா முகம் வாடியதைப் பார்த்து அதை மட்டும் விட்டுவிட்டார்.

மத்தியானம் மாமா மூலூதைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கி வந்தார். லிஃப்டில் அது ஒரு ஆளாக நின்று ஐந்தாவது மாடிக்கு வந்தது. சமையலறையில் வைத்து, காதை ஒட்டவைத்துச் சத்தம் கேட்டார். சுமார்தான், ஆனால் ஓடும் என்றார். பெரியதை என்ன செய்வது என்று மூலூது கேட்டான். கீழே தரை சமமாக இருக்கிறது, ஃபிரிட்ஜுக்கு அதுதான் முக்கியம் என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று, இஸ்ஸாவையும் ஒரு பதினைந்து நாள் கூட வரும்படி கூப்பிட்டார். அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள் என்றார். ஜனவரியில் கேட்டிருந்தால் அவள் செருப்பைக்கூடத் தேடியிருக்க மாட்டாள். இப்போது, செவ்வாய்க்கிழமை ரஹீமுவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

“அடுத்த மாசம் வரேன் மாமா. இவனுக்கு லீவு கிடைச்சா ரெண்டு பேரும்.”

“கிடைக்கலன்னா?”

“நான் மட்டும் வரேன்.”

மூலூது மாமாவின் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

பஸ் போன பிறகு இருவரும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலை வரை நடந்தார்கள். வந்து எட்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து கடலின் முழு அகலத்தையும் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஷர்கி அடித்துக்கொண்டிருந்தது. அவள் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். பசிக்கிறது என்று சொல்லியிருந்தான்.

தள்ளுவண்டியில் கடலை மாவுப் பணியாரம் சுடச்சுட வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கலிந்தே என்பது அதன் பெயர். ரஹீமு சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஊர்க்காரர்களின் இழுப்போடு, இஸ்ஸா இரண்டு துண்டு கேட்டாள். வண்டிக்காரர் வெட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“உள்நாட்டுப் பக்கமா?”

“மிதல்த்,” என்றாள்.

“அங்க ஆப்பிள் நல்லா இருக்குமே,” என்று சொல்லி, கேட்காமலே சீரகத்தூளைக் கொஞ்சம் கூடுதலாகத் தூவினார். பாதிச் சீரகத்தைக் காற்று கொண்டுபோயிற்று. மீதியோடு இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.