சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்

தம்பியைத் தூக்கிலிட்ட ஒன்பதாம் நாள், சிறை அலுவலக மேசையில் அவனுடைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார் எழுத்தர். இரண்டு சட்டை, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு நோட்டு. கண்ணாடியின் ஒடிந்த காதுக் கம்பியை நூலால் சுற்றிக் கட்டியிருந்தான். அக்கா அதைத்தான் முதலில் எடுத்தாள்.

"நோட்டுல கடைசி ஏழு தாளைக் கிழிச்சிட்டுத்தான் தருவோம்," என்றார் எழுத்தர். "கருணை மனு எழுதறதுக்குன்னு அரசாங்கம் குடுத்தது. உங்க தம்பி அதுல வேற என்னென்னவோ எழுதி நோட்டோட சேர்த்துத் தைச்சிட்டாரு. இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

ரசீதில் 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருந்தது.

"சரிபார்க்காம எப்படிங்க போடறது?"

"பாருங்க. யாரு வேண்டாம்னா?"

அச்சகத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. மூலப்பிரதியை அவள் உரக்க வாசிப்பாள். எதிரே இருப்பவர் அச்சுத்தாளில் திருத்துவார். இயந்திர இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும், ஒரு புள்ளிகூட விடுபடக் கூடாது. அதே குரலில் ஆரம்பித்தாள்.

"'இத்தனை நாள் கேட்டும் தாள் இல்லை என்றார்கள். மன்னிப்புக் கேட்க என்றதும் நல்ல தாளாகவே வந்திருக்கிறது.' முற்றுப்புள்ளி."

"மனசுக்குள்ள படிங்கம்மா."

"எனக்கு இப்படித்தான் சார் பழக்கம். 'கப்பலில் வந்து இறங்கியவனிடம், காற்புள்ளி, என் மண்ணில் நிமிர்ந்து நடந்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேள்விக்குறி.'"

ஜன்னலுக்கு வெளியே, கைதிகளைப் பார்க்க வந்த பெண்களின் வரிசையில் பேச்சு அடங்கிவிட்டது.

நாலாவது தாளில் அவளுக்குக் குரல் உடைந்தது. அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். "'அக்கா அழுவாள். அழுதுவிட்டு வேலைக்குப் போவாள். அவளைப் போன்றவர்களை நம்பித்தான் நான் போகிறேன்.'"

எழுத்தர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அதிகாரியை அழைத்துவரக் காவலனை அனுப்பினார். அவள் இன்னும் உரக்க வாசித்தாள்.

அதிகாரி வந்து சேர்வதற்குள் ஏழாவது தாளும் முடிந்திருந்தது. அவர் தாள்களைப் பிய்த்தெடுத்தார். ரசீதில், 'ஏழு தாள் குறைவு' என்று எழுதி அதன் கீழே அவள் கையெழுத்திட்டாள்.

வெளியே வந்து, எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த கடையின் படியில் உட்கார்ந்தாள். பையில் அச்சகத்துப் பழைய திருத்தத் தாள்கள் இருந்தன. வெறுமையாக இருந்த பின்பக்கங்களில், வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே எழுதத் தொடங்கினாள்.

"கப்பலில் வந்தவனிடம்..."

பக்கத்தில் நிழல் விழுந்தது. வரிசையில் நின்ற பெண் ஒருத்தி. கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "'வந்து இறங்கியவனிடம்'னு படிச்சீங்கம்மா."

அக்கா அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். நிமிர்ந்தபோது, வரிசையில் தங்கள் இடத்தை விட்டுவிட்டு இன்னும் இரண்டு பேர் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.