நெற்றியைத் தொட்ட பல்

என் மருமகள் மிருகக்காட்சிசாலையில் டாக்டர். என் மகன் மனிதர்களுக்குப் பல் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு யாராவது ஒருவரின் வாயில் போய்த்தான் நிற்கும். அன்றைக்கு நின்றது பெரியவரின் வாயில்.

பெரியவர் என்பது ஒரு பாபிருசா. வெப்பமண்டலத் தீவுகளில் வாழ்கிற காட்டுப் பன்றி. உடம்பில் மயிர் அதிகம் கிடையாது. கால் மட்டும் மான் கால் மாதிரி ஒல்லி. ஆணுக்கு மேல்தாடைக் கோரைப்பல் இரண்டும் மூக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு மேலே கிளம்பி, நெற்றியைப் பார்த்து வளையும். வளர்வதும் நிற்காது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், இதைத் தன் பல்லே குத்தும். பெரியவரின் இடது பல் நெற்றித் தோலைத் தொட்டுப் புண்ணாக்கிவிட்டது. விட்டால் எலும்புக்குள் இறங்கும்.

"மயக்க ஊசி போட்டு அறுக்க வேண்டியதுதானே?" என்றான் மகன்.

மருமகள் தட்டைத் தள்ளி வைத்தாள். போன வருஷம் அவள் ஊசி போட்டுப் படுக்கவைத்த கிழட்டு மான் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. உன்மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னோம், அவள் காதில் ஏறவில்லை. பெரியவருக்கும் வயதாகிவிட்டது, இதயமும் பலவீனம். ஆபீஸில் வெள்ளிக்கிழமை ஊசி என்று முடிவாகியிருந்தது.

"அதுக்கு முன்னாடி ஊசி இல்லாம முடிச்சுடலாம்னு பாக்கறேன். நீங்க வந்து நுனியை அறுத்துக் குடுங்க," என்றாள்.

"பன்னிக்குப் பல் பாக்கறவன்னு பேர் வந்தா எங்கிட்ட எவன் வருவான்? அது கடிச்சா?"

"உங்க பேஷண்ட் கடிக்கலையா? அந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் கடிச்சதுக்கு விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சீங்களே."

"அவர் வேணும்னு கடிக்கல."

"பெரியவரும் வேணும்னு கடிக்க மாட்டார்."

"அம்மா, நீயே சொல்லு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "போயிட்டு வாடா. நானும் வரேன். கடிபட்டா தூக்கிட்டு வர ஆள் வேணாமா?" என்றேன்.

வார விடுமுறை நாளில் போனோம். மகன் பெட்டியைத் திறந்து, பல் அறுக்கிற மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்கே பெரியவர் மூலைக்குப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டி நின்றுவிட்டார். மற்ற நாளில் வயிற்றைச் சொறிந்தால் பொத்தென்று சாய்கிறவர், அன்றைக்கு அசையவில்லை. மருமகள் பழம் நீட்டினாள். வந்து வாங்கிக்கொண்டு மறுபடியும் மூலைக்குப் போனார்.

"எங்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான். பழம் குடுக்கறதில்ல, அவ்வளவுதான்," என்றான் மகன்.

"மெஷினை உள்ளே வைங்க. கம்பி ரம்பம் இருக்கு, கையாலயே அறுக்கலாம்," என்று சொல்லிவிட்டு வெளியே போனவள், தள்ளுவண்டியில் புது மணல் கொண்டுவந்து கூண்டு நடுவில் கொட்டினாள். "ஆண் பாபிருசா புது மணலைப் பாத்தா சும்மா இருக்காது அத்தை. மூக்கை விட்டு உழும். தன் வாசனையைப் பூசி வைக்கத்தான்னு சொல்றாங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் வீம்பாக இருந்தார். பிறகு மூக்கு மட்டும் திரும்பியது. அப்புறம் ஆளே வந்தார். முன்னங்காலை மடித்து மண்டியிட்டு, மூக்கை மணலுக்குள் செருகி, வாயில் நுரை தள்ள, உறுமிக்கொண்டே நெஞ்சால் நகர்ந்தார். போன வழியெல்லாம் ஏர் ஓட்டின மாதிரி பள்ளம். உழுது களைத்து அங்கேயே படுத்தார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைச் சொறிய, காலை நீட்டிக்கொண்டார்.

மகன் மெதுவாகப் போய்ப் பல்லில் கம்பியைச் சுற்றினான். "எவ்வளவு?"

"ரெண்டு விரல். அதுக்குக் கீழ வேணாம், நரம்பு."

பல் சூடாகாமல் இருக்க நான் தண்ணீர் ஊற்ற, அவன் இழுத்தான். பாதியில் பெரியவர் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கினார். மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. மகன் பழக்கதோஷத்தில், "ஒண்ணுமில்ல, வலிச்சா கையைத் தூக்குங்க," என்றான்.

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அவள் சொறிந்ததில் பெரியவர் தலையை மறுபடியும் மணலில் போட்டார். இன்னும் நாலு இழுப்பில் துண்டு விழுந்தது. உள்ளே முழுக்க வெள்ளை, ரத்தம் இல்லை. வலது பல்லுக்கும் நெற்றிக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்ததால் அதைத் தொடவில்லை. புண்ணுக்கு மருந்து தடவிவிட்டு, மருமகள் ஒரு கையால் ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஊசி வேணாம் சார். முடிஞ்சுது."

இன்னொரு கை சொறிவதை நிறுத்தவில்லை. பெரியவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

"வா, கிளம்பலாம். அவர் தூங்கிட்டார்," என்றான் மகன்.

"தெரியுதுங்க. எழுந்துக்கட்டும், பாத்துட்டு வரேன்."

அவன் ரம்பத்தைப் பெட்டியில் வைத்து மூடினான். மணலிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் சுவரைத் தாண்டின பிறகுதான் பெரியவர் எழுந்து, உடம்பை ஓர் உதறு உதறி, எங்கள் மூன்று பேர்மேலும் மணலை அடித்துவிட்டு, மீதிப் பழம் எங்கே என்று தேடப் போனார்.

"இப்பப் போலாம்," என்றாள் மருமகள்.